மூணாவது ஆள் யார்? – ஆபீஸ் கான்ஃபரன்ஸ் கால் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஆபீஸ் போனில் கான்ஃபரன்ஸ் போடுவது எப்படி என்று எந்த மேனுவலைத் திறந்து பார்த்தாலும் நாலு வரிதான் இருக்கும். முதல் ஆளைக் கூப்பிடு. ஹோல்டில் வை. அடுத்த ஆளைக் கூப்பிடு. கான்ஃபரன்ஸ் பட்டனை அமுக்கு. பழைய ஈபிஏபிஎக்ஸ் என்றால் பட்டனுக்குப் பதிலாக ஃப்ளாஷ், அதற்குப் பிறகு ஒரு கோடு நம்பர். அவ்வளவுதான்.

இந்த நாலு வரியை ஒரு விமர்சகன் போல நிறுத்தி வாசித்துப் பாருங்கள். நாலு கட்டளையும் ஒரே ஆளிடம் சொல்லப்படுகிறது, பட்டன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம். சேர்க்கப்படும் ஆளுக்கு மேனுவலில் ஒரு வரி கூடக் கிடையாது. "உங்களை ஒருவர் கான்ஃபரன்ஸில் சேர்த்தால் என்ன கேட்கும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது" என்ற அத்தியாயத்தை நான் பார்த்த எந்த மேனுவலிலும் காணவில்லை.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது இதைத்தான். கான்ஃபரன்ஸ் கால் பற்றிய புகார் என்றாலே எல்லோரும் குரல் தரத்தைப் பேசுகிறோம். "கேக்கல சார்", "எக்கோ வருது", "மியூட் பண்ணுங்க". அது பாதி விஷயம்தான். மீதிப் பாதி உரிமை சம்பந்தப்பட்டது. பல பேர் பேசும் பேச்சை ஒரே ஆளுக்குச் சொந்தமான காலாக மெஷின் நினைக்கிறது. மற்றவர்கள் அதில் ஒட்டவைத்த கிளைகள். ஓசூர் மாதிரி ஊரில், பெரிய கம்பெனிக்காரர் பட்டனை அமுக்க, சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர் கிளையாக ஒட்டப்பட, இந்த வித்தியாசத்துக்குப் பண மதிப்பு இருக்கிறது.

1. உள்ளே என்ன நடக்கிறது

முதலில் கொஞ்சம் மெக்கானிசம். இது தெரியாமல் விமர்சனம் செய்தால் வெறும் புலம்பலாகிவிடும்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் உங்கள் குரல் ஒரு நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது, ஒவ்வொரு அளவும் 8 பிட். பெருக்கினால் நொடிக்கு 64 கிலோபிட். 1972-ல் வந்த ஜி.711 என்ற தரம் இது. இந்தியாவில் அதன் ஏ-லா வகை புழக்கத்தில் இருக்கிறது. ஏ-லா எண்களை அப்படியே கூட்ட முடியாது, அவை சுருக்கி எழுதிய எண்கள். அதனால் கான்ஃபரன்ஸ் பிரிட்ஜ் ஒவ்வொரு குரலையும் முதலில் விரிக்கிறது, எல்லாவற்றையும் கூட்டுகிறது, ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலை மட்டும் கழித்துவிட்டு, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. ஐந்து பேர் இருந்தால் ஐந்து வெவ்வேறு கலவை. என் குரல் எனக்கே திரும்பி வந்தால் நான் திக்கிப்போவேன், அதனால்தான் இந்தக் கழித்தல்.

கவனியுங்கள்: ஒரு கான்ஃபரன்ஸில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்பதே இல்லை. ஒவ்வொருவர் காதிலும் ஓடுவது தனித்தனிக் கூட்டம்.

அடுத்து சத்தம். பத்து பேர் மைக்கைத் திறந்து வைத்தால் பத்து இடத்துப் பின்னணி இரைச்சலும் கூடும். சம அளவு இரைச்சல் என்று வைத்தால் 10 டெசிபல் ஏறும். அந்தப் பத்தில் ஒருவர் பிரஸ் ஷாப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் கதை முடிந்தது. அதனால் பல பிரிட்ஜுகள் எல்லோரையும் கூட்டுவதில்லை. அந்த நேரத்தில் சத்தமாக இருக்கிற இரண்டு மூன்று பேரை மட்டும் எடுத்துக் கலக்கும், மற்றவர்களை விட்டுவிடும். இன்ஜினியரிங் கணக்கில் நல்ல தீர்வு. ஆனால் அது எதை அளவுகோலாக வைத்திருக்கிறது பாருங்கள்: சத்தம். மெதுவாகப் பேசுகிறவர், லைன் வீக்காக இருக்கிறவர், "ஒரு நிமிஷம்..." என்று தயங்கி ஆரம்பிக்கிறவர் கலவைக்குள் வரவே மாட்டார். அவர் தான் பேசியதாக நினைத்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2. கால் யாருக்குச் சொந்தம்

கான்ஃபரன்ஸ் போட்டவர் போனை வைத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு ஒரே பதில் இல்லை, மெஷினுக்கு மெஷின் மாறும்.

செல்போனில் ஜிஎஸ்எம் தரப்படி போட்டவரோடு சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். போட்டவர் கட் பண்ணினால் பொதுவாக எல்லோரும் கட் ஆவார்கள். சிஸ்கோ கால் மேனேஜரில் இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு: போட்டவர் போனாலும் தொடரட்டும், அல்லது அவர் போனால் முடியட்டும், அல்லது ஆபீஸ் உள் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் முடியட்டும். எதையும் மாற்றாமல் விட்டால் கான்ஃபரன்ஸ் தொடரும். இந்த செட்டிங் எதற்காக வந்தது என்று அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. டோல் மோசடியைத் தடுப்பதற்காக. உள்ளே இருக்கும் ஒருவர் வெளியாட்கள் இரண்டு பேரை இணைத்துவிட்டு நழுவிவிட்டால், அவர்கள் கம்பெனி செலவில் மணிக்கணக்கில் பேசலாம் அல்லவா?

அதாவது இந்த செட்டிங்கை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்த கேள்வி "பில் யார் கட்டுவது". "கூட்டம் முடிந்ததா, முடிவு எடுத்தாயிற்றா" என்ற கேள்வி அங்கே இல்லை. பில் கணக்கு முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் நடத்தும் கருவியில் கூட்டத்தைப் பற்றிய ஒரு கேள்வியாவது இருக்க வேண்டாமா?

ஹோல்ட் மியூசிக் கதை இன்னும் தெளிவான உதாரணம். ஆறு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு இன்னொரு போன் வருகிறது. அவர் பழக்கதோஷத்தில் கான்ஃபரன்ஸை ஹோல்டில் வைத்துவிட்டுப் போகிறார். அவருடைய ஆபீஸ் ஈபிஏபிஎக்ஸ் கடமை தவறாமல் பாட்டுப் போடுகிறது. அந்தப் பாட்டு மற்ற ஐந்து பேர் காதிலும் ஓடுகிறது. இந்தப் பக்கத்து மெஷினுக்கு அது பாட்டா பேச்சா என்று தெரியாது, அதைப் பொறுத்தவரை அது ஒரு டிரங்க் லைனில் வருகிற ஒலி. சத்தமாக, இடைவெளியே இல்லாமல் வருவதால் "சத்தமானவருக்கு முன்னுரிமை" விதிப்படி பாட்டுக்கே முதலிடம்! போட்டவர் கையில் லைன் லிஸ்ட் இருந்தால் தேடித் துண்டிக்கலாம். இல்லை என்றால் எல்லோரும் போனை வைத்துவிட்டு மறுபடி கூடவேண்டியதுதான்.

மெஷின் பார்ப்பது ஆட்களை அல்ல, லைன்களை. இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொண்டால் மீதிக் குழப்பம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

3. மாட்டுச் சந்தையும் ஸ்பீக்கர் போனும்

நம்ம பக்கம் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். யார் யாரோடு பேசுகிறார் என்பது ஊருக்கே தெரியும், என்ன விலை என்பது மட்டும் தெரியாது.

கான்ஃபரன்ஸ் கால் இதற்கு நேர் எதிர். என்ன விலை என்பது எல்லோருக்கும் கேட்கும். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

பேச்சு வழக்கத்தில் "கான்ஃபரன்ஸ் போட்டு மாட்டிவிட்டுட்டான்" என்று சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். காலேஜ் ஹாஸ்டலில் ஒருவனை மியூட்டில் கேட்க வைத்து, இன்னொருவன் வாயைக் கிளறி அவனைப் பற்றியே திட்ட வைப்பார்கள். விளையாட்டுக்குச் செய்தது. வியாபாரத்தில் அதுவே நடந்தால் விளையாட்டு இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் ஸ்டாக் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கப் போயிருந்தேன். ஓனர் ஐடிஐ படித்துவிட்டு லேத் ஓட்டி மேலே வந்தவர். அவருடைய கஸ்டமர் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் போன் செய்தார். இரண்டு பேருக்கும் பல வருடப் பழக்கம். "அண்ணே, லாட் என்னாச்சு?" என்று கேட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மனசில் இருப்பதைச் சொன்னார்: "அனுப்பிட்டேன் சார். முதல் பெட்டியில கொஞ்சம் பர் இருக்கலாம், டூல் மாத்தறதுக்கு முன்னாடி ஓடினது. பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க."

இரண்டு நொடி மௌனம். அதற்குப் பிறகு வேறு ஒரு குரல், இங்கிலீஷில்: மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறோம்.

அது அந்தக் கம்பெனியின் குவாலிட்டி மேலதிகாரி. ஆரம்பத்திலிருந்தே லைனில் இருந்திருக்கிறார். போனை வைத்த பிறகு ஓனர் என்னிடம் சொன்னது: "ரெண்டு பேர்னு நெனச்சேன் சார். அவர் இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஆள் அனுப்பி சார்ட் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருப்பேன்."

இங்கே எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். பர் இருந்தது உண்மைதானே? குவாலிட்டி ஆளுக்கு அது தெரிய வேண்டாமா? கட்டாயம் தெரிய வேண்டும். ஓனரும் ஒளிக்கவில்லை, அவராகத்தான் சொன்னார். ஆனால் ஒரே உண்மையை நண்பரிடம் சொல்லும் விதம் வேறு, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்லும் விதம் வேறு. நண்பரிடம் குறையைச் சொன்னால் போதும். அதிகாரியிடம் குறையோடு பரிகாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாதவருக்கு இந்தத் தேர்வே இல்லாமல் போகிறது. ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தால் போக்குவரத்து, மறுபரிசோதனை, தள்ளிப்போகும் பேமென்ட் எல்லாம் சேர்ந்து சின்ன யூனிட்டின் அந்த மாதச் சம்பளக் கணக்கையே ஆட்டிவிடும்.

பர்ச்சேஸ் ஆள் வேண்டுமென்று செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேனுவல் சொன்ன நாலு வரியைத்தான் அவர் செய்தார். அதில் "சேர்ப்பதற்கு முன் சொல்" என்ற ஐந்தாவது வரி இல்லை.

தொழில்நுட்பம் இதற்கு வழி வைத்திருக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் டெலிபோன் சாஃப்ட்வேரான ஆஸ்டெரிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அதில் கான்ஃப்பிரிட்ஜ் என்ற பகுதிதான் கூட்டங்களை நடத்துகிறது. உள்ளே வருபவரின் பெயரைப் பதிவு செய்து எல்லோருக்கும் அறிவிக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒன்று. தலைவர் வரும்வரை மற்றவர்களைக் காத்திருக்க வைக்க ஒன்று. அவர் போனதும் கூட்டத்தை முடிக்க ஒன்று. நன்றாக யோசித்துச் செய்த வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் நீங்களாக எழுதிச் சேர்க்காவிட்டால் பெயர் அறிவிப்பு நடக்காது. கான்ஃபிக் ஃபைலில் எதுவும் எழுதாவிட்டால் வருகிறவர் பெயர் சொல்லாமலே உள்ளே வருவார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், டீஃபால்ட் என்பதுதான் உண்மையான டிசைன். நூற்றில் தொண்ணூறு பேர் அதை மாற்றமாட்டார்கள் என்ற எண்ணத்தில்தான் நாமெல்லாம் டீஃபால்ட் வைக்கிறோம். அப்படி இருக்க, பெயர் அறிவிப்பை வசதியாக மட்டும் நினைத்து ஆஃப் செய்து வைத்ததை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

4. அத்திப்பள்ளியில் நிற்கும் மூன்றாவது ஆள்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி வருவது நம்ம ஊருக்கே உரிய சிக்கல்.

ஓசூரின் எஸ்டிடி கோடு 04344. பெங்களூருக்கு 080. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதோடு தமிழ்நாடு டெலிகாம் வட்டம் முடிந்து கர்நாடக வட்டம் ஆரம்பிக்கிறது. சிப்காட்டில் பிளான்ட், எலக்ட்ரானிக் சிட்டியிலோ பெங்களூருக்குள்ளோ ஆபீஸ் என்று இருக்கும் கம்பெனிகள் நிறைய. இரண்டையும் லீஸ் லைனில் இணைத்து, உள்ளுக்குள் ஐபி போனில் பேசிக்கொள்வார்கள். இதுவரை எல்லாம் சரி.

இப்போது ஒரு சாதாரண கான்ஃபரன்ஸ். ஓசூர் பிளான்ட்டில் இருப்பவரை 'அ' என்போம். பெங்களூர் ஆபீசில் இருக்கும் சக ஊழியர் 'ஆ'. ஓசூரிலேயே இருக்கும் சப்ளையர் 'இ', அவருக்கு சாதாரண லேண்ட்லைன். 'அ'வும் 'ஆ'வும் லீஸ் லைனில் பேசினால் சட்டப்படி சரி. 'அ'வும் 'இ'யும் லோக்கல் காலில் பேசினாலும் சரி. மூன்று பேரையும் சேர்த்தால்? பெங்களூர்க்காரர் ஓசூர் லேண்ட்லைனோடு கம்பெனி லைன் வழியாகப் பேசுகிறார் என்று ஆகிவிடுகிறது. அது ஒரு எஸ்டிடி கால், ஆனால் எஸ்டிடி கட்டணம் யாருக்கும் போகவில்லை. இதன் பெயர் டோல் பைபாஸ். பொது டெலிபோன் நெட்வொர்க்கையும் கம்பெனியின் தனி நெட்வொர்க்கையும் இப்படிக் கலக்கக்கூடாது என்பது இந்திய டெலிகாம் விதி.

இரண்டு இரண்டாகச் சரியாக இருப்பது மூன்றாகச் சேர்ந்தால் தப்பாகிவிடுகிறது! ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு இது ரசிக்கத்தக்க புதிர். பிளான்ட்டில் அவசரமாகப் பேச வேண்டியவனுக்கு எரிச்சல்.

இந்தியாவின் இந்த மாதிரி விதிகளுக்காகவே சிஸ்கோ கால் மேனேஜரில் 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்' என்ற ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு கேட்வேக்கும் அது எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். யாரும் கான்ஃபரன்ஸ் பட்டனை அமுக்கினால் உள்ளே இருப்பவர்களின் ஊரையும் லைன் வகையையும் ஒப்பிட்டு, கூடாது என்றால் இணைக்க மறுத்துவிடும். பட்டன் அமுக்கியவருக்குத் தெரிவது கான்ஃபரன்ஸ் சேரவில்லை என்பது மட்டும். ஏன் என்று டெலிகாம் விதி தெரிந்த அட்மினைத் தவிர யாருக்கும் புரியாது.

விதி வந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. எஸ்டிடி கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஏறிய காலம் அது. அந்த வருமானம் டெலிபோன் துறைக்கு முக்கியமாக இருந்தது. ஆனால் 2006 மார்ச் 1-ல் பிஎஸ்என்எல்லும் எம்டிஎன்எல்லும் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. தூரத்துக்கு விலை என்ற கணக்கு அங்கேயே தளர ஆரம்பித்துவிட்டது. 2015 ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் இன்கமிங்கை இலவசமாக்கியது. வாய்ஸ் பிபிஓக்களுக்கான விதிகளை டெலிகாம் துறை 2020 நவம்பரில் பெரிய அளவில் தளர்த்தியது, 2021 ஜூனில் இன்னும் தளர்த்தியது. அதன்படி பிபிஓக்களின் ஈபிஏபிஎக்ஸ் உலகில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தடுப்பு எழுந்த காரணம் கரைந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் தடுப்பு இறங்க ஆரம்பித்தது, அதுவும் ஒரு பகுதியினருக்கு.

நடுவில் மக்கள் என்ன செய்தார்கள்? நம்ம ஆட்கள் செய்வதைச் செய்தார்கள். ஆபீஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் செல்போனையும் ஸ்பீக்கரில் போட்டு, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்தார்கள். நானும் எத்தனையோ மேஜையில் இதைப் பார்த்திருக்கிறேன். இணைக்கக்கூடாது என்று மெஷின் மறுத்ததை ஒரு அடி காற்று இணைத்துவிட்டது. விதி மீறப்படவில்லை என்று மெஷின் நினைத்துக்கொண்டது. எக்கோவும் இரைச்சலும் சேர்ந்ததால் பேச்சு பாதிதான் கேட்டது. போதாக்குறைக்கு, செல்போனில் இருக்கும் சப்ளையருக்கு அந்தப் பக்கம் இன்னொரு போனும் அதில் ஆளும் இருப்பது தெரியவே தெரியாது. முன் பகுதியில் சொன்ன பிரச்சினையை விதியே வளர்த்துவிட்டது.

5. தமிழுக்கு எங்கே அடிபடுகிறது

இது என் சொந்த ஆராய்ச்சிக் குறிப்பு. மொழியியல் படித்தவர்கள் திருத்தினால் மகிழ்ச்சி.

பிரிட்ஜ் ஒரு புதிய குரலைக் கலவைக்குள் கொண்டுவர, அது பேச்சுதான் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தச் சின்ன நேரத்தில் முதல் அசை வெட்டுப்படும். இன்னொரு பக்கம், ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் நுழைந்தால் கடைசி அசை மூழ்கிப்போகும். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் ஆரம்பிக்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி என்று பத்து மொழிகளை வைத்து 2009-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை, ஆனால் நாம் ஒன்றும் நிதானமாகப் பேசுகிறவர்கள் இல்லை. போன் நெட்வொர்க்கில் ஒரு பக்கத் தாமதம் 0.15 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச டெலிகாம் அமைப்பின் பரிந்துரை. அதைத் தாண்டினால் பேச்சின் முறை மாறும் கணக்கு தப்பி, ஒருவர் மேல் ஒருவர் ஏற ஆரம்பிக்கிறோம்.

இப்போது தமிழ் எண்களைப் பாருங்கள். இருபது, அறுபது, எழுபது. மூன்றுக்கும் வால் ஒன்றுதான், வித்தியாசம் எல்லாம் தலையில். முதல் அசை வெட்டுப்பட்டால் மிஞ்சுவது "...பது". அடுத்து வினை. "முடியும்", "முடியாது". இங்கே தலை ஒன்று, வித்தியாசம் வாலில். வால் மூழ்கினால் மிஞ்சுவது "முடி...". டெலிவரி பற்றிய பேச்சில் முக்கியமான இரண்டு விஷயங்கள் எண்ணிக்கையும் ஆகுமா ஆகாதா என்பதும்தான். தமிழ் ஒன்றை வார்த்தையின் முன்பக்கத்திலும் மற்றொன்றை வாக்கியத்தின் கடைசியிலும் வைத்திருக்கிறது. கான்ஃபரன்ஸ் பிரிட்ஜ் கத்தரிக்கும் இரண்டு இடமும் அதேதான்.

ஓசூரில் இதோடு மொழிக் கலப்பும் சேரும். வீட்டில் தெலுங்கு, ஷாப் ஃப்ளோரில் தமிழும் கன்னடமும், பையரிடம் ஹிந்தி அல்லது இங்கிலீஷ். ஏழு, ஏளு, ஏடு மூன்றும் ஒரே எண்தான், போனில் மூன்று மாதிரி கேட்கும். அதனால் எண் வந்தால் எல்லோரும் இங்கிலீஷுக்குத் தாவுகிறோம். அங்கே 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' காத்திருக்கிறது. பார்ட் நம்பரில் 'எஃப்', 'எஸ்' இன்னும் மோசம். அந்த இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வுகள் பெரும்பாலும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன, பழைய டெலிபோன் அலைவரிசை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழைய கை ஒருவர் இதற்கு வைத்திருந்த வழி எனக்குப் பிடிக்கும். அவர் தேதியை இரண்டு முறை, இரண்டு விதமாகச் சொல்வார்: "இருபதாம் தேதி, டூ ஜீரோ, புதன்கிழமை." முடியாது என்றால் "முடியாதுங்க, ஆகாது" என்று சேர்த்துச் சொல்வார். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் எரர் வராமல் இருக்கக் கூடுதல் பிட் அனுப்புவோமே, அதைத்தான் அவர் அனுபவத்தில் செய்தார்.

6. "டீம்ஸ் வந்தாச்சே, இன்னும் எதுக்கு இதெல்லாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். டீம்ஸிலும் ஜூமிலும் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் திரையில் இருக்கிறது, கை தூக்கலாம், மியூட் தெரிகிறது. பெரிய முன்னேற்றம்தான். இந்தக் கட்டுரையில் உள்ள பாதிக் குறையை அது தீர்க்கிறது.

ஆனால் யாருக்குத் தீர்க்கிறது? லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு. சப்ளையரும் ஷிஃப்ட் சூப்பர்வைசரும் இன்னும் போன் வழியாகத்தான் சேர்க்கப்படுகிறார்கள். திரையில் அவர் ஒரு நம்பர், அவருக்கோ திரையே இல்லை. மீட்டிங் ரூமில் ஒரு ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் பட்டியலில் ஒரு ரூம் பெயர்தான் வரும். மெஷின் இன்னும் லைனைத்தான் எண்ணுகிறது, ஆளை அல்ல.

அதனால் ஆபீஸ் டெலிபோனை நிர்வகிக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவை. எதற்கும் புது மெஷின் தேவையில்லை.

ஒன்று, மூன்று பேருக்கு மேல் என்றால் பட்டன் கான்ஃபரன்ஸை விட்டுவிட்டு மீட்-மீ ரூம் நம்பரைக் கொடுங்கள். அவரவர் டயல் செய்து வரும்போது ஒருவர் இன்னொருவரின் கிளை ஆவதில்லை, போட்டவர் லைன் போனாலும் கூட்டம் நிற்காது.

இரண்டு, பெயர் அறிவிப்பை ஆன் செய்து வையுங்கள். எரிச்சலாக இருக்கும் என்று மேலதிகாரி சொல்வார். இருக்கட்டும், கதவைத் தட்டுவதும் உள்ளே இருப்பவருக்கு இடைஞ்சல்தான்.

மூன்று, போட்டவர் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை நீங்களே சோதித்துப் பார்த்து, எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கூடவே "ஹோல்ட் வேண்டாம், மியூட் போடுங்கள்" என்ற வரியையும்.

நான்கு, பேசி முடித்ததும் எண்ணையும் தேதியையும் 'ஆகும், ஆகாது' என்பதையும் மெசேஜில் அனுப்பி, சப்ளையரின் பதில் வந்த பிறகே முடிவானதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சப்ளையர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. போன் எடுத்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "லைன்ல வேற யார் சார் இருக்காங்க?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தயங்குகிறோம், அப்படி ஒன்றும் இல்லை. மேனுவலில் விட்டுப்போன ஐந்தாவது வரியை நீங்கள் சொல்கிறீர்கள். பட்டன் உங்கள் கையில் இல்லாதபோது அந்தக் கேள்வியாவது உங்கள் கையில் இருக்கட்டும்.